நோய் விளக்கப் பக்கங்களுக்கான டெம்ப்ளேட்: பாதி விலைக்கும் வேண்டாம்

மதுரை அண்ணா நகரில் ஒரு கிளினிக்குக்காகத் தமிழில் நோய் விளக்கப் பக்கங்கள் செய்து தருகிறேன். அதற்கு நான் பயன்படுத்தும் டெம்ப்ளேட் (இணையப் பக்கத்துக்கான ஆயத்த வடிவமைப்பு) இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று திண்டுக்கல் நண்பர் கேட்டார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு வரி இடைவெளி தாராளம். மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் இடித்துக்கொள்வதில்லை. 'உயர் ரத்த அழுத்தம்' போன்ற நீளத் தலைப்பும் சின்னத் திரையில் வெட்டுப்படாது. மருத்துவர் கடைசியாகச் சரிபார்த்த தேதிக்கும், அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதிக்கும் பக்கத்தின் அடியில் இடம் உண்டு. அது காலியாகக் கிடந்தால் உறுத்தும் என்பதாலேயே டாக்டர்களும் மறக்காமல் பார்த்துத் தருகிறார்கள். இந்த ஒன்றுக்காகவே முழு விலை கொடுக்கலாம்.

ஆனால் கைபேசியில் திறந்தால் எல்லாப் பகுதிகளையும் மடக்கி வைத்துவிடுகிறது. செட்டிங்கில் 'திறந்தே இருக்கட்டும்' என்று கொடுத்தாலும் கணினியில்தான் கேட்கும், கைபேசியில் கேட்காது. நம் ஆட்கள் பார்ப்பதோ கைபேசியில்தான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்குக் காய்ச்சல் என்று காத்திருக்கும்போது டெங்கு பக்கத்தைத் திறந்தார். விரல் மேலிருந்து கீழே போனது. 'அறிகுறிகள்', 'பரிசோதனை', 'சிகிச்சை', 'ஆபத்து அறிகுறிகள்' என்று தலைப்புகள் மட்டும் தெரிந்தன. ஓரத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டல் குறி. "இம்புட்டுத்தானா தம்பி? உள்ள ஒண்ணும் எழுதலையே" என்றார்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் பெரிய ஆபத்து. உடம்பு ஆறிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போதுதான் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழ முடியாத சோர்வு எல்லாம் வரலாம். அந்த வரிகளை ஒரு கூட்டல் குறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பக்கம் எதற்கு?

பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தளத்தில் இதை எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார்கள்! சாதாரணமாக டாக்டரைப் பார்க்க வேண்டியதற்கு நீலப் பெட்டி, அவசரத்துக்குச் சிவப்பு, உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்போடு கறுப்பும். பெட்டியின் தலைப்பிலேயே என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும். நமக்கு அங்கே '108-ஐ உடனே அழையுங்கள்' என்று வந்தால் போதும், அடுத்த வரியைப் படிக்காதவருக்கும் புரியும்.

விற்றவர்களுக்கு எழுதினேன். பக்கம் சுருக்கமாக இருந்தால்தான் மக்கள் படிப்பார்கள் என்று பதில் வந்தது. சரி, சிகிச்சையின் வரலாற்றை மடக்குங்கள், காப்பீட்டு விவரத்தை மடக்குங்கள், யார் கேட்கப்போகிறார்கள்? இப்போதைக்கு ஆபத்து அறிகுறிகளைத் தலைப்பே இல்லாமல் முன்னுரைப் பத்தியில் எழுதி வைக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் கண்ணில் படுகிறது.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வேறு எதைப் பார்த்தாலும் டெமோவைக் கைபேசியில் திறந்து, எதையும் தொடாமல் கீழே வரை தள்ளிப் பாருங்கள். ஆபத்து அறிகுறிகள் தானாகவே கண்ணில் பட்டால் பணத்தைக் கட்டுங்கள்.