டிராக்டர் டயரில் தண்ணீர் ஏற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் கரைகளில் ஃபைபர் படகு இழுக்க டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். மணலிப் பக்கம் ஒரு டயர் கடையில் என் மாமாவை ஏமாற்றிவிட்டார்கள்.

காய்ந்த மணலில் பின்சக்கரம் சுழன்று புதைகிறது, அவ்வளவுதான் குறை. கடைக்காரர் காற்றைக்கூட அளந்து பார்க்கவில்லை. "பாரம் போதவில்லை ஐயா, தண்ணீர் ஏற்றி வெயிட் மாட்டிவிடலாம்" என்றார். பின்டயர் இரண்டிலும் தண்ணீர், அதற்கு மேல் வார்ப்பிரும்பு வெயிட், காற்றழுத்தம் 30 பவுண்டு (psi). மறுநாள் வண்டி முன்பைவிட ஆழமாகப் புதைந்தது. வேறொரு டிராக்டர் வந்துதான் அதை வெளியே எடுத்தது.

இறுகிய மண்ணில் பாரம் பிடிப்பைக் கூட்டும். இளகிய மணலில் அதே பாரம் சக்கரத்தைக் கீழே அழுத்திவிடும். டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறத்தாழ அவ்வளவே மணல்மீதும் விழுகிறது. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படிந்து மணலின் மேலேயே நிற்கும். மாமாவின் வண்டிக்குத் தேவைப்பட்டது இதுதான். பின்டயரில் 12 முதல் 16 பவுண்டு வரை பல டிராக்டர்களுக்குப் பொருந்தும். ஆனால் உங்கள் டயர் கம்பெனியின் அட்டவணையில் உள்ள அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். இறங்கினால் இழுவையில் டயர், அது உட்காரும் இரும்புச் சக்கரமான டிஸ்க்கின் மேல் வழுக்கி டியூப் வால்வைப் பிய்த்துவிடும்.

தண்ணீர் ஏற்றியதிலும் மோசடி. வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். 13.6-28 அளவு டயர் என்றால் ஏறத்தாழ 170 லிட்டர். மீதிக் கால் பங்கு காற்றுதான் அதிர்ச்சியைத் தாங்குகிறது. மீஞ்சூரில் ஒரு மெக்கானிக் வால்வை உச்சியில் நிறுத்தி அதன் ஊசியை அழுத்திக் காட்டினார். துளிக் காற்று வரவில்லை, தண்ணீர் விடாமல் பீச்சியது. முழு டயரையும் நிரப்பி, இரண்டு மடங்கு கூலி வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு ஆறவே ஆறாதது அந்தத் தண்ணீர்தான். நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்ட பகுதி இது என்று இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் கடையின் போர்வெல் உப்புத் தண்ணீரையே ஏற்றியிருக்கிறார்கள். டியூப் நன்றாக இருக்கும்வரை டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. வால்வடியில் கசிந்தால் உப்பு நீர் டியூபுக்கும் இரும்புக்கும் நடுவே தங்கி அரிக்கத் தொடங்கும். மாமாவின் வண்டியில் அதுதான் நடந்தது. டயரைக் கழற்றியபோது டிஸ்க் செதில் செதிலாக உதிர்ந்தது. வெயிட்டுகளை மீன் தராசில் வைத்தோம். 45 கிலோ என்று விற்றது ஒன்றுகூட 35 கிலோவைத் தாண்டவில்லை.

பாரம் ஏற்றும் முன் சறுக்கலை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே அளக்கலாம்: டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சுமையில்லாமல் பின்சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படகை இழுக்கும்போது அதே தூரத்துக்குப் பதினொன்றரைச் சுற்றுக்கு மேல் போகாவிட்டால் கூடுதல் பாரம் தேவையில்லை.

கடையில் கேட்டதற்கு "பில் இருக்கிறதா?" என்றார்கள். பில் கேட்டபோது துண்டுச்சீட்டு கொடுத்தவர்களே அவர்கள்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கும் பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டோம். அந்தக் கடையில் இதே போல் தண்ணீர் ஏற்றியவர்கள் இருந்தால், டிஸ்க் அரிப்பதற்குள் வடித்துவிட்டு நீங்களும் புகார் கொடுங்கள்.