ஷே, கிளைமாக்ஸ், ஹைஸ்லர்: காட்டு டிராம்வேக்கு எந்த எஞ்சின்?

மரம் வெட்டுவதற்காகக் காட்டுக்குள் போட்ட டிராம்வேக்களுக்கு ஆயுள் குறைவு. ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் தடத்தைச் சீராக்க யாரும் பணம் செலவழிப்பதில்லை. குறுகிய வளைவும் கடும் ஏற்றமும் சேர்ந்த அந்தப் பாதையில் வழக்கமான நீராவி எஞ்சின் சக்கரம் வழுக்கி நின்றுவிடும், இல்லையேல் தடம் புரளும்.

அமெரிக்காவில் பிறந்த ஷே, கிளைமாக்ஸ், ஹைஸ்லர் என்ற மூன்று கியர் எஞ்சின்களும் அதற்குச் சொன்ன பதில் ஒன்றுதான். சிலிண்டர்கள் ஒரு நீளத் தண்டைச் சுழற்றும். தண்டு பல்சக்கரங்கள் வழியே போகிகளை, அதாவது எஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டங்களை, ஓட்டும். வேகம் குறையும், இழுவை கூடும். அந்தத் தண்டு எங்கே இருக்கிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

மிச்சிகன் மர வியாபாரி எஃப்ரெயிம் ஷே, 1881இல் காப்புரிமை பெற்ற தன் எஞ்சினில் தண்டை வலப்பக்கம் வெளியே வைத்தார். சிலிண்டர்களும் அதே பக்கம் செங்குத்தாக நிற்கும். அந்த எடையை ஈடுகட்டக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளிவைத்தார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். ஆனால் பட்டறைக்கு வெகுதூரத்தில் ஒரு பல் உடைந்தால், நின்றபடியே கை எட்டும் இடத்தில் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வசதிக்காகவே என் ஓட்டு ஷேக்கு. லைமா நிறுவனம் 1945 வரை 2,700க்கும் மேல் கட்டியது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறும் தைவானின் அலிஷான் பாதையிலும் 18 டன், 28 டன் ஷேக்களே உழைத்தன.

ஹைஸ்லரில் இரண்டு சிலிண்டர்கள் கொதிகலனுக்கு அடியில் 'வி' வடிவில் சாய்ந்திருக்கும், தண்டு நடுவில் ஓடும். ஒவ்வொரு போகியிலும் ஓர் அச்சுக்குத்தான் கியர். மற்றதை, இரண்டு அச்சுகளின் சக்கரங்களையும் இணைக்கும் பக்கத்தண்டு இழுத்துக்கொள்ளும். மூன்றிலும் இதுவே வேகமானது. ஆலைக்கும் காட்டுக்கும் இடையே தூரம் அதிகமென்றால் இதைத் தாராளமாக எடுக்கலாம். பழுது பார்க்க மட்டும் அடியில் புகுந்தாக வேண்டும்.

கிளைமாக்ஸிலும் தண்டு நடுவில்தான். இருபுறமும் சாய்ந்த சிலிண்டர்கள் ஒரு குறுக்குத்தண்டைச் சுழற்றி அதற்கு விசை தரும். வேகம் பிடித்தால் எஞ்சின் பலமாக அதிரும். ஆனால் மோசமான தடத்தில் மெதுவாக ஊர்ந்து போவதில் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தண்டவாள இடைவெளி 762 மி.மீ. கொண்ட டையர்ஸ் வேலி டிராம்வேக்காக 1928இல் கட்டிய 1694ஆம் எண் கிளைமாக்ஸ் இப்போது பஃபிங் பில்லி என்ற பாரம்பரிய ரயில்வேயிடம் இருக்கிறது. ஷேயின் ஆதரவாளர்களும் அதை ஒருமுறை பார்க்க வேண்டும்.