ஆறு வருடம் இருந்த வளாகம்: நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சேர்க்காதீர்கள்

போன வாரம் டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த சான்றிதழ்) வாங்க நான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். அன்று இரவே ஊரிலிருந்து எங்கள் தெரு அக்கா ஒருவர் போன் செய்தார். அவர் மகளுக்கு அதே இடத்தில் எம்.எஸ்சி. கிடைத்திருக்கிறது. "ஏட்டி, நீ ஆறு வருசம் இருந்தியே, பிள்ளைய அங்க விடலாமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியோடு இப்போது வேறு வீடுகளிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பெயர் சொல்லவில்லை. சென்னைக்குள் இருக்கிற, ரொம்பப் பெரிதும் இல்லாத ரொம்பச் சின்னதும் இல்லாத ஒரு வளாகம். கட்டணம், துறைகள், தரவரிசை எல்லாம் அவர்களே போட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம். நான் 2016 ஜூனில் எம்.எஸ்சி. சேர்ந்து, அங்கேயே பிஎச்.டி.யும் முடித்து, 2022 கடைசியில் வெளியே வந்தேன். கொரோனா ஊரடங்கு வரைக்கும் கிட்டத்தட்ட நாலு வருடம் ஹாஸ்டல், அதற்கப்புறம் வெளியே வாடகை அறை.

அந்த வளாகத்தின் அளவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஹாஸ்டலிலிருந்து துறைக்கு ஏழு நிமிட நடை, துறையிலிருந்து நூலகத்துக்கு நாலு நிமிடம். நான் பி.எஸ்சி. படித்த கல்லூரியில் என் வகுப்பு ஆட்களைத் தவிர வேறு யாரோடும் பேசிய நினைவே இல்லை. இங்கே கேன்டீனுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி ஒரு சிமென்ட் திண்டு, அதில் தினமும் அதே நாற்பது ஐம்பது முகங்கள். இரண்டாவது மாதத்திலேயே புள்ளியியல் படிக்கிற ஒருத்தனும் தொல்லியல் படிக்கிற ஒருத்தியும் எனக்கு நெருக்கமாகிவிட்டார்கள். என் ஆய்வேட்டில் இருக்கிற புள்ளியியல் கணக்கெல்லாம் நான் அந்தத் திண்டில் டீ குடித்துக்கொண்டே கற்றதுதான், எந்த வகுப்பிலும் இல்லை. அந்தத் தொல்லியல்காரி கீழடியைப் பார்த்துவிட்டு வந்த கையோடு என் பெயரைத் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினாள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இதெல்லாம் பாடத்திட்டத்தில் வராது, ஆனால் நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்தேன் என்று சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

மெஸ் பற்றிக் கேட்பீர்கள். டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலைக்குப் பங்கு போடுவார்கள். சாம்பார் தண்ணியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஹாஸ்டலும் இப்படித்தான்.

கஷ்டமான நாட்களில் அந்த இடம் எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. சேர்ந்த வருடமே, 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா புயல். எங்கள் வளாகத்தில் குல்மோகரும் தூங்குமூஞ்சியும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, அந்த வேப்பமரம் மட்டும் ரெண்டு கிளை முறிந்ததோடு நின்றது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் மெஸ் அண்ணன்கள் விறகடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். 2019 கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த வருடம், ஆளுக்கு இரண்டு வாளி என்று கணக்கு வைத்தார்கள். மூன்றாவது மாடிக்கு வாளி தூக்க முடியாமல் முதுகுவலியோடு இருந்த ஒரு பிள்ளைக்கு, யாரும் சொல்லாமலே, பக்கத்து அறைக்காரர்கள் முறைபோட்டுத் தூக்கினார்கள். எனக்குக் காய்ச்சல் 104 ஏறின ஒரு ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் வார்டன் தன் ஸ்கூட்டியின் பின்னால் என்னை உட்காரவைத்து, விழுந்துவிடாமல் இருக்கத் தன் துப்பட்டாவால் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார். டெங்கு என்று தெரிந்தது. அம்மா ஊரிலிருந்து வந்து சேரும்வரை அவர் அங்கேயே இருந்தார். இதை எந்தக் காலத்திலும் மறக்க மாட்டேன்.

அதே வார்டன்தான் சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்தக் கேட்டைப் பூட்டச் சொன்னவரும்.

2016ல் பெண்கள் ஹாஸ்டல் கேட் ஆறரைக்குப் பூட்டப்படும். ஆண்கள் ஹாஸ்டலுக்குப் பத்து மணி, அதுவும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். நூலகத்து ரீடிங் ரூம் இரவு பத்து வரை. அங்கிருந்து எங்கள் ஹாஸ்டல் நாலு நிமிட நடை, வழியெல்லாம் விளக்கு, இரண்டு இடத்தில் செக்யூரிட்டி, அவர்கள் எல்லோருக்கும் எங்கள் முகமும் ஊரும் தெரியும். சென்னையில் டிசம்பர் மாதம் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். லேப் முடிவது ஐந்து மணிக்கு. ஒரு டீ குடித்து, நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்தால் கிளம்புகிற நேரம் வந்துவிடும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் தலை தூக்காமல் படித்துக்கொண்டே இருப்பார்கள். நான்கு வருடமும் ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனாலும் இதே கதைதான். நாலரைக்கே மணி பார்க்க ஆரம்பித்து, பறக்கும் ரயில் தாமதமானால் வயிற்றைக் கலக்கும்.

என் ஆராய்ச்சி நெல் வேரடியில் வாழும் அசோஸ்பைரில்லம் பாக்டீரியா பற்றியது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் என்று விவசாயிகள் வாங்கிப் போடுவார்களே, அதுதான். அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க, காலையில் கல்ச்சரை, அதாவது பாக்டீரியா வளரும் கரைசலைப் போட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து அது எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் ஓ.டி. அளவைக் குறிக்க வேண்டும், ஒரு நாள் முழுக்க, சில சமயம் மறுநாளும். லேப் சாவி அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கும், அவர் வருவது ஒன்பது மணிக்கு. ஆக ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து வரை நான் எடுப்பேன். ஏழு மணியிலிருந்து விடியும்வரை என் ஜூனியர் பையன் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பாக்டீரியா நன்றாகப் பெருக ஆரம்பிக்கும் நேரமே அதுதான். என் பெயர் போட்ட ஆய்வேட்டில் இருக்கிற அந்த வளர்ச்சி வளைகோடுகளில் முக்கியமான பகுதி எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அவன் நல்ல பிள்ளை, ஒரு அளவைக்கூடத் தவறவிட்டதில்லை, அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் வேலையை நானே செய்ய முடியாமல் இன்னொருவரிடம் ஒவ்வொரு தடவையும் "தம்பி, இன்னைக்கும் கொஞ்சம்" என்று கேட்டு நின்றேனே, அது ஆறவில்லை.

லேட் பெர்மிஷன் என்று ஒன்று உண்டு. கைடு, துறைத் தலைவர், வார்டன், மூன்று கையெழுத்து. மாதம் மூன்று முறை, அதுவும் எட்டரை வரைதான். துறைத் தலைவர் லீவு என்றால் அன்றைக்கு எக்ஸ்பெரிமென்ட் இல்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மாணவர்கள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள், ஞாபகம் இருக்கும். நடுராத்திரியிலும் பெண்கள் கைக்குழந்தையோடு அந்த மணலில் இருந்தார்கள், அவ்வளவு கூட்டத்திலும் பத்திரமாக இருந்தோம் என்று என் டே ஸ்காலர் தோழிகள் வந்து சொன்னார்கள். நாங்கள் பகலில் போய்விட்டு ஆறரைக்குள் கேட்டுக்கு ஓடிவந்து, இரவெல்லாம் அந்த மெரினா வெளிச்சத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2018ல் மனு எழுதினோம். பல்கலைக்கழக மானியக் குழு 2015ல் போட்ட பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகளிலேயே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளைப் பெண்கள் விடுதியில் வைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்து இணைத்து, 63 பேர் கையெழுத்து போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஆறரை ஏழானது. அரை மணி நேரம். வார்டனிடம் நேரில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க அப்பா அம்மா என்னை நம்பித்தானேம்மா விட்டிருக்காங்க, ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். துப்பட்டாவால் என்னைக் கட்டிக்கொண்டு போனவர் அவர், அந்தப் பயம் நிஜம் என்று எனக்குத் தெரியும். பதில் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன், இப்போதும் அவரிடம் சண்டை போட மனம் வராது. ஆனால் எல்லோருக்கும் நம்மைத் தெரிகிற அந்த அளவான வளாகம்தான் காய்ச்சல் ராத்திரியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அங்கே என்னைத் தனியாக நாலு நிமிடம் நடக்கவிட இவ்வளவு பயம் ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஊரடங்கு முடிந்து திரும்பியபோது ஹாஸ்டல் வேண்டாமென்று வெளியே அறை எடுத்தேன். வாடகை, தண்ணீர் கேன், கேஸ் எல்லாம் சேர்த்து ஹாஸ்டலைப் போல இரண்டு மடங்கு செலவு. ஆனால் ராத்திரி பத்தரைக்கு லேபைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வருவேன். ஹாஸ்டலில் இருந்தவரை ஆகாத வேலை அடுத்த ஒன்றரை வருடத்தில் முடிந்தது. என்னால் அந்தச் செலவைச் செய்ய ஃபெல்லோஷிப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை இருந்தது. எம்.எஸ்சி. பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு மூன்று நாள் அலைய வேண்டுமென்று லீவெல்லாம் சொல்லிவிட்டுப் போனேன். நாற்பது நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள், கவரில் சீல் வைத்து, சிரித்த முகத்தோடு. அலுவலகம் அவ்வளவு மாறியிருக்கிறது. மனசு நிறைந்து, வேப்பமரத்தடியில் ஒரு டீ குடித்து, நூலகத்தை எட்டிப்பார்த்தேன். ரீடிங் ரூமுக்கு ஏசி போட்டிருக்கிறார்கள், இரவு பன்னிரண்டு வரை திறந்திருக்குமாம். அப்படியே ஹாஸ்டல் பக்கம் நடந்தேன். கேட்டுக்குப் புதுப் பெயின்ட். பக்கத்தில் பலகையும் புதிது. "மாணவியர் மாலை 7.00 மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும்." பழைய பலகையாக இருந்திருந்தால் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். எழுத்தில் பெயின்ட் இன்னும் பளபளப்பாக இருந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்து, மறுபடியும் ஏழு என்றே எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் அந்த வளாகத்துக்கு ஐந்துக்கு நாலு போடுவேன். ஆசிரியர்கள், நண்பர்கள், அந்த மரம், எதையும் குறைக்க மாட்டேன். ஆனால் மகளைச் சேர்க்கலாமா என்று இந்த வாரம் என்னைக் கேட்டால், ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைப்பதாக இருந்தால், வேண்டாம். சென்னையில் தங்க உறவுக்காரர் வீடு இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் கையில் இருக்கிற அடுத்த இடத்தைப் பாருங்கள்.

இதைத்தான் அக்காவிடமும் சொன்னேன். "ஏழு மணிக்கே பூட்டிருவாங்களா? அப்ப அங்கயே விட்டுருதேன், நிம்மதியா இருக்கும்" என்றார். ரொம்ப நேரம் பேசிப் பார்த்தேன். அவர் முடிவு செய்துவிட்டார், போன வெள்ளிக்கிழமை பணமும் கட்டிவிட்டார்.

மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, இரண்டு விஷயம் சொன்னேன். மூன்றாவது மாடியில் அறை வாங்காதே, கோடையில் தண்ணீர் ஏறாது. 2018ல் நாங்கள் கொடுத்த மனு என் மின்னஞ்சலில் அப்படியே இருக்கிறது, விதிமுறைப் பக்கத்தோடு அனுப்புகிறேன், முதல் செமஸ்டரிலேயே கையெழுத்து வாங்க ஆரம்பி. "சரிக்கா, எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டாள். நாங்கள் 63 பேர், அதற்கு மேல் வாங்கு என்றேன். இங்கேயும் யாருக்காவது அது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.