வெளிநாட்டுப் பயிற்றுநருக்கு வதிவிட விசா: மட்டக்களப்பு ஆலோசனை நிலையம் ஒன்றில் எங்கள் அனுபவம்

பாசிக்குடாவில் நாங்கள் நடத்தும் நீர்மூழ்கல் நிலையத்துக்கு வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவரை வேலைக்கு அமர்த்துவதற்காக, மட்டக்களப்பு நகரிலுள்ள ஓர் ஆலோசனை நிலையத்தை நாடினோம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மட்டக்களப்புக் கடலில் 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. அங்கு ஆட்களை அழைத்துச் செல்லும் தேர்ச்சியை எங்கள் நிலையத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

சுற்றுலா விசாவில் வரவழைத்து, சம்பளம் என்று எழுதாமல் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து ஒரு பருவத்தைக் கடத்திவிடலாம் என்று கரையோரத்தில் பலர் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஊதியம் பெற்றோ பெறாமலோ அந்த விசாவில் வேலை செய்யவே கூடாது என்று முதற்சந்திப்பிலேயே இந்த நிலையத்தார் மறுத்துவிட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே அவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் நாட்டில் வேலை செய்வதற்கான அனுமதி வதிவிட விசாவாகவே கிடைக்கிறது என்பதையும், துறைசார் அமைச்சின் பரிந்துரையுடன் ஆள் வருமுன்னரே நுழைவு விசாவுக்கு விண்ணப்பித்து, வந்த பின்னர் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதனை வதிவிட விசாவாக்க வேண்டும் என்பதையும், இதற்கெல்லாம் தொழில்தருநரே பொறுப்பாளி என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். இந்த வேலைக்கு உள்ளூரில் ஏன் ஆள் இல்லை என்பது தெளிவாக வரும்வரை எங்கள் கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுத வைத்தார்கள்.

சம்பளக் கணக்கிலும் அவர்கள் கவனமாக இருந்தார்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். வெளிநாட்டவர் என்பதால் இதிலிருந்து விலக்குக் கிடைக்காது. இதனை ஒப்பந்தம் எழுதுமுன்னரே அறிந்திருந்ததால் பேசிய சம்பளத்தில் பிணக்கு எழவில்லை.

வதிவிட விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பதை மட்டும் மிகப் பிந்தியே சொன்னார்கள். அதனால் பயிற்றுநரும் நானும் இரவுப் புகையிரதத்தில் இரண்டாவது தடவையும் கொழும்புக்குப் போக நேர்ந்ததுடன், பருவகாலத்தில் ஐந்து நாட்களும் வீணாயின. ஒரு சிறு நிலையத்துக்கு இது தாங்கக்கூடிய இழப்பல்ல. எனினும், அரச கட்டணத்தையும் தங்கள் கூலியையும் தனித்தனிப் பற்றுச்சீட்டுகளாகத் தந்தது நேர்மையான வழக்கம்.

விசாவைப் புதுப்பிக்கும் வேலையையும் அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். தேவையான ஆவணங்கள் யாவற்றையும் எழுத்தில் பெற்ற பிறகே இம்முறை முற்பணம் கொடுத்தோம்.