ஐந்து நாள் கிரீஸ் வேன் சுற்றுலா: கைடு அருமை, அட்டவணைதான் அவசரம்

போன அக்டோபரில் நானும் அக்காவும் ஏதென்ஸிலிருந்து கிளம்பும் ஒரு ஐந்து நாள் வேன் சுற்றுலாவில் போய் வந்தோம். எங்களோடு வேறு ஐந்து பேர், ஒரு ஓட்டுநர், ஒரு கைடு, அவ்வளவுதான் கூட்டம். ஒருவருக்கு 1,050 யூரோ வாங்கினார்கள். நான்கு இரவு தங்கல், காலை உணவு, வேன், கைடு எல்லாம் அதில் அடக்கம், நுழைவுச்சீட்டும் மற்ற சாப்பாடும் நம் கைக்காசு. கொரிந்து, எபிடாரஸ், மைசீனி, ஒலிம்பியா, டெல்ஃபி எல்லாச் சுற்றுலாவிலும் இருப்பவைதான். இடிந்த ஊரான மிஸ்ட்ராஸும் ஓசியோஸ் லூகாஸ் என்ற மடமும் பட்டியலில் இருந்ததைப் பார்த்துத்தான் நான் இதற்குப் பணம் கட்டினேன், ஏனென்றால் பழைய கோயில்களோடு கிரீஸின் கதை முடிந்துவிடவில்லை, அதற்கப்புறம் ஆயிரம் வருடத்துக்கு மேல் நீண்ட பைசாந்திய காலத்தையும் (கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசின் காலம்) பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முதலில் கைடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் கூட வந்து விளக்கம் சொல்ல அரசு உரிமம் பெற்ற கைடு வேண்டும். ஓட்டுநரே பேசிக்கொண்டு வரும் மலிவான சுற்றுலாக்களில் அவர் வாசலோடு நின்றுவிடுவார், உள்ளே நாம் தனியாகத்தான் சுற்ற வேண்டும். அதனால் பணம் கட்டும் முன் உரிமம் உள்ள கைடு உள்ளே வருவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்தவர் தொல்லியல் படித்த ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசுவார், கேள்வி கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

கொரிந்து கால்வாயில் பத்து நிமிடம், பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். நீரோ மன்னன் வெட்டத் தொடங்கி, கடைசியில் 1893-இல்தான் முடிந்த கால்வாய் அது. எபிடாரஸ் அரங்கத்தில் மொத்தம் 55 வரிசை. கைடு எங்களை மேலே அனுப்பிவிட்டுக் கீழே நடுவில் நின்று காகிதத்தைக் கிழித்தார், அப்புறம் சாதாரணக் குரலில் பேசினார். கடைசி வரிசையில் எனக்குக் காகிதச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் பேச்சு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது, 2,300 வருடத்துக்கு முந்தைய கட்டடத்தில். நிறையப் பேர் அரங்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள், ஆனால் அந்த இடமே அஸ்கிலீபியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் தலம். நோயாளிகள் ஒரு மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்கள், கனவில் தெய்வம் வந்து குணமாக்கும் என்பது நம்பிக்கை, குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் கைடு பொறுமையாகக் காட்டினார்.

மைசீனியில் சிங்க வாசலைத் தாண்டியதும் வட்டக் கல்லறை. 1876-இல் ஜெர்மன் தொல்லியலாளர் ஷ்லீமன் தங்க முகமூடிகளைத் தோண்டி எடுத்த இடம். ட்ராய் போரில் கிரேக்கப் படையை நடத்திய மன்னன் அகமெம்னானுடையது என்று சொல்லப்படும் முகமூடி, அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் 300 வருடம் மூத்தது என்று கைடு அங்கேயே நின்று விளக்கினார் (முகமூடி இப்போது ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்). கொஞ்சம் தள்ளி இருக்கும் 'அட்ரியஸ் கருவூலம்' என்ற கல்லறைதான் எனக்கு அன்றைய நாளின் உச்சம். கவிழ்த்து வைத்த குதிர் மாதிரி உள்ளே 13 மீட்டர் உயரம், ஒவ்வொரு கல் வட்டமும் கீழ் வட்டத்தை விடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, உச்சியில் ஒரே கல்லில் மூடியிருக்கிறது. வாசல் மேல் கிடக்கும் உத்தரக்கல் மட்டும் நூறு டன்னுக்கு மேல்.

இங்கிருந்துதான் என் குறை ஆரம்பிக்கிறது. மைசீனியிலிருந்து வெளியே வந்ததும் ஒரு மண்பாண்டக் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். மறுநாள் காலை, இரவு தங்கிய நாஃப்லியோ ஊரிலிருந்து ஸ்பார்ட்டா போகும் வழியில் ஆலிவ் எண்ணெய்க் கடையில் ஒன்றேகால் மணி நேரம். இரண்டும் அட்டவணையில் இல்லாதவை. அட்டவணையில் "மிஸ்ட்ராஸ், அரை நாள்" என்று இருந்தது. கிடைத்தது ஒன்றே முக்கால் மணி நேரம்.

மிஸ்ட்ராஸை அப்படிப் பார்க்கக் கூடாது. டைகெட்டஸ் மலைச் சரிவில் ஒரு முழு ஊர் இடிந்து நிற்கிறது, உச்சியில் கோட்டை, நடுவில் அரண்மனை, கீழே வீடுகளும் தேவாலயங்களும். கோட்டையை 1249-இல் கட்டியவர் வில்லியம் என்ற பிராங்கிய (மேற்கு ஐரோப்பிய) பிரபு. பத்து வருடத்தில் பைசாந்தியரோடு நடந்த பெலகோனியா போரில் தோற்று வைக்கோற்போரில் ஒளிந்தவரை, துருத்திய முன்பற்களை வைத்து அடையாளம் கண்டு பிடித்தார்களாம், விடுதலைக்கு விலையாக இந்தக் கோட்டையைப் பைசாந்தியரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் இருநூறு வருடம் இது அவர்களின் தென்கோடித் தலைநகரம். தத்துவ அறிஞர் ஜெமிஸ்டோஸ் பிளெத்தோன் இங்கே பிளேட்டோவைப் பாடம் சொன்னார். பேராலயத் தரையில் பைசாந்தியச் சின்னமான இரட்டைத் தலைக் கழுகு செதுக்கிய ஒரு கல் பதித்திருக்கிறது. கடைசிப் பைசாந்தியப் பேரரசரான பதினோராம் கான்ஸ்டன்டைன் 1449 ஜனவரியில் இந்த ஊரில்தான் அரியணைக்கு உரியவராக அறிவிக்கப்பட்டார். நான்கே வருடத்தில் கான்ஸ்டாண்டினோபிளின் மதில் காக்கும் சண்டையில் இறந்தார். அந்தக் கல்லின் பக்கத்தில் நின்று கைடு இதைச் சொன்னபோது அவர் குரலே கொஞ்சம் மாறிவிட்டது.

ஓட்டுநர் எங்களை மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் வந்து ஏற்றிக்கொண்டார். முழங்கால் வலி உள்ள அக்காவுக்கு இது பெரிய உதவி, நீங்களும் இப்படியே கேளுங்கள், ஆனால் இறக்கமும் வழுக்குக் கற்கள்தான், நல்ல ஷூ வேண்டும். பாதி இறக்கத்தில் பண்டனாசா மடத்தில் இன்னும் கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள், திண்ணையில் பூந்தொட்டிகள், பூனைகள். அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்தோம். அக்கா "டேய், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமான்னு கேளுடா" என்றாள். கேட்டேன். நேரமில்லை. பெரிப்ளெப்டோஸ் தேவாலயத்தை அப்படியே விட்டுவிட்டோம், பாறையை ஒட்டிக் கட்டிய சின்னக் கோயில், 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் நிறைந்தது, நான் முக்கியமாகப் பார்க்க நினைத்ததே அதைத்தான். கைடுக்கும் அதில் வருத்தம், ஆனால் அட்டவணை அவர் கையில் இல்லை.

அன்று இரவு ஸ்பார்ட்டாவில் தங்கல், மறுநாள் ஒலிம்பியாவில் நல்ல நேரம் கொடுத்தார்கள். ஓட்டப்பந்தயத் தடத்தையும் பூகம்பத்தில் சரிந்து கிடக்கும் ஜீயஸ் கோயில் தூண்களையும் எல்லோரும் பார்ப்பார்கள், கைடு எங்களை ஒரு செங்கல் சுவர் பக்கம் கூட்டிப்போனார். ஜீயஸ் சிலையைச் சிற்பி ஃபிடியாஸ் செய்த பட்டறை அது. ஐந்தாம் நூற்றாண்டில் அதையே தேவாலயமாக்கியிருக்கிறார்கள், சுவர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த மாதிரி இரண்டு காலத்தையும் ஒரே சுவரில் காட்ட ஒரு கைடால்தான் முடியும்.

நான்காம் நாள் ரியோ–அந்திரியோ பாலத்தைத் தாண்டி டெல்ஃபி. வெண்கலத் தேரோட்டிச் சிலையின் கண்களைப் பார்ப்பதற்காகவே அங்குள்ள அருங்காட்சியகத்துக்குள் போகலாம். கோயில் இடிபாடுகள் மேல் காஸ்ட்ரி என்று ஒரு கிராமமே இருந்ததாம், பிரெஞ்சுக்காரர்கள் 1892-இல் தோண்டத் தொடங்குவதற்காக அந்த ஊரையே இடம் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசி நாள் ஓசியோஸ் லூகாஸ் மடத்தில் நாற்பது நிமிடம். வாசல் கூடத்தில் தங்கப் பின்னணியில், சீடர்களின் கால்களைக் கிறிஸ்து கழுவும் மொசைக், 11-ஆம் நூற்றாண்டு. மேகம் விலகி வெயில் உள்ளே வந்ததும் அந்தத் தங்கம் உயிர் பெற்ற மாதிரி இருந்தது, யாரும் பேசவில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், மறக்காதீர்கள்.

சைவச் சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அரிசி அடைத்த தக்காளி 'கெமிஸ்தா', பெரிய மொச்சை மாதிரிப் பயறில் செய்யும் 'கிகண்டெஸ்', கீரை வேகவைத்த 'ஹோர்தா' கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் கிடைத்தது. விடுதிகள் சுத்தம், ஸ்பார்ட்டாவில் மட்டும் தெருச் சத்தம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் பெரும்பங்கு கைடுக்கு. கடை நிறுத்தங்களைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதினேன், பதில் வந்தது, மாற்றுவதாக உறுதி எதுவும் இல்லை. நீங்கள் போவதாக இருந்தால் மிஸ்ட்ராஸில் குறைந்தது நான்கு மணி நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். அக்கா அடுத்த வருடம் ஸ்பார்ட்டாவில் இரண்டு இரவு தங்கலாம் என்கிறாள், அந்தக் கைடின் எண்ணையும் வாங்கி வைத்திருக்கிறாள்.