குழந்தையைத் தூக்கி வைத்திருந்தால் கணக்கில் வராது: கையில் கட்டும் பேண்டோடு என் அனுபவம்

நடை, துடிப்பு, கலோரி எல்லாம் எண்ணும் என் ஃபிட்னஸ் பேண்டின் ஸ்ட்ராப் அறுந்துபோய் புதுசு மாற்றியாச்சு. அதே சமயம் இந்த மாடல் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது, லாஸ்பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் போன் போட்டு "அண்ணி, நானும் ஒண்ணு வாங்கலாமா, உடம்பைக் குறைக்கணும்" என்று கேட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை, இன்னும் தாய்ப்பால்தான். அவளை மாதிரி இருக்கிற எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஒரு வாரம் தாராளமாக நிற்கிறது, பாத்திரம் தேய்க்கும்போதும் குழந்தையைக் குளிப்பாட்டும்போதும் கழற்ற வேண்டியதில்லை. இதயத் துடிப்பும் சரியாகவே காட்டுகிறது, கிளினிக்கில் விரலில் மாட்டும் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை.

என் ஆத்திரம் எல்லாம் அந்தக் கலோரி கணக்கு மேல்தான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாயங்காலம் கையை வீசிக்கொண்டு நடந்தால் போதும், இலக்கை முடித்துவிட்டீர்கள் என்று பாராட்டி அதிரும். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு விடிந்ததிலிருந்து இடுப்பை விட்டு இறங்கவே இல்லை, அவனைத் தூக்கிக்கொண்டே சமைத்து, மொட்டை மாடிக்கு ஏறித் துணி எடுத்து, கூடத்துக்கும் அறைக்கும் நடந்து நடந்து தூங்க வைத்தேன். அப்படித் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு நிற்கும்போது, நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்று மணிக்கட்டில் அதிர்கிறது! ராத்திரி வீட்டுக்காரர் ஆப்பைப் பார்த்துவிட்டு "இன்னைக்கு ரெஸ்ட்டா?" என்றார். அவர் மேல் தப்பில்லை, திரையில் இருந்ததைத்தான் படித்தார்.

காரணம் புரியாமல் இல்லை. உள்ளே இருக்கும் அசைவு உணரி மணிக்கட்டின் ஆட்டத்தை வைத்துத்தான் நடையை எண்ணுகிறது. குழந்தையை அணைத்துப் பிடித்த கை ஆடாது, அதனால் அந்த நடையில் பெரும்பகுதி விட்டுப்போகிறது. சப்பாத்தி தேய்த்தால், தேங்காய் துருவினால், நின்ற இடத்திலேயே ஸ்டெப்ஸ் ஏறும். அக்னி நட்சத்திரத்தில் நம்ம கடலூர் புழுக்கத்தில் அடுப்பு முன்னால் நின்றால் இன்னொரு கூத்து, வெக்கைக்குத் துடிப்பு ஏறுகிறது, துடிப்பு ஏறினால் உழைப்பு கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு கலோரியையும் ஏற்றிவிடுகிறது. செய்ததை விட்டுவிட்டு செய்யாததை எழுதும் கணக்கு.

இத்தனைக்கும் வீட்டு வேலைக்கு அளவு இல்லாமல் இல்லை. எம்.இ.டி. என்று உழைப்பை அளக்கும் அலகு ஒன்று உண்டு, சும்மா உட்கார்ந்திருப்பது 1, அதாவது ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. பார்பரா ஐன்ஸ்வொர்த் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் எந்த வேலைக்கு எத்தனை எம்.இ.டி. என்று 1993ல் ஒரு பட்டியல் போட்டார்கள், அப்புறம் பலமுறை புதுப்பித்தார்கள். 2011 பட்டியலில் நின்றபடி குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவதற்கு 3, கையால் துணி துவைத்துக் காயப்போடுவதற்கு 4, பிள்ளைகளோடு மூச்சு வாங்க ஓடி விளையாடினால் 5.8. 60 கிலோ இருக்கிற ஒரு அம்மா அரை மணி நேரம் துணி துவைத்தால் 4 × 60 × 0.5, ஏறத்தாழ 120 கலோரி. சும்மா இருந்தாலே செலவாகும் பங்கும் இதற்குள்தான். சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும், ஆனாலும் வேலையை வேலை என்று ஒத்துக்கொள்கிறது இல்லையா.

என் பேண்டு மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல மாட்டேன். 2017ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆட்கள் இந்த மாதிரி மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதத்துக்குள் பிழையோடு சொல்லிவிட்டன, கலோரியில் இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். அது நடை, ஓட்டம், சைக்கிள் என்று ஒழுங்கான அசைவுகளுக்கு. இடுப்பில் பிள்ளையோடு குனிந்து பொம்மை பொறுக்குவதை யாரும் அங்கே சோதிக்கவில்லை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று. புது ஸ்ட்ராப் பழையதைவிட நீளம், கொலுசு போடும் இடத்துக்கு மேலே கட்ட வருகிறது. காலில் கட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடையும் படியேறுவதும் ஸ்டெப்ஸில் விழுகிறது! துடிப்பு அங்கே சரியாக எடுப்பதில்லை, போகட்டும். இப்போது பகலில் காலில், ராத்திரி கையில்.

இவ்வளவு சொல்லிவிட்டு நாத்தனாருக்கு நான் சொன்னது, வாங்காதே. பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. உடம்பு பாலாக்கிக் கொடுக்கும் அந்தக் கணக்கு இந்தப் பேண்டுக்குத் தெரியவே தெரியாது. 'இன்னைக்குக் கொஞ்சம்தான் செலவாச்சு' என்று அது காட்டுவதை நம்பி அவள் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்தால் யார் பொறுப்பு? குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது அங்கேயே தன் எடையையும் பார்த்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும், அதற்குத் தனியாகச் செலவும் இல்லை.

துடிப்புக்காக, தூக்கக் கணக்குக்காக என்றால் இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். கலோரிக்காக என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். என் ஆப்பில் அந்தக் கட்டத்தையே முகப்பிலிருந்து எடுத்துவிட்டேன், செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது.