கிரெட்டாவுக்கு 215/65 ஆர்16 டயர்: பத்து மில்லிமீட்டர் அகலம் தரும் மாற்றம்

ஹூண்டாய் கிரெட்டாவின் தொடக்க ரகங்கள் 205/65 ஆர்16 அளவு டயருடனும், உயர் ரகங்கள் 215/60 ஆர்17 அளவு டயருடனும் ஆலையிலிருந்து வெளிவருகின்றன. 16 அங்குல ரிம் கொண்ட வண்டியை வைத்திருப்பவர்களிடம், முதல் செட் டயர் தேய்ந்து மாற்றும் காலம் வந்ததும், ஒரு அளவு அகலமாகப் போடலாமா என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. எங்கள் குடும்ப வண்டியில் 215/65 ஆர்16 அளவுக்கு மாற்றி, ஒரு கோடையையும் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தையும் அதே டயர்களில் கடந்திருக்கிறோம். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாற்றம் செய்யத் தகுந்தது; அதற்கு அப்பால் 225, 235 என்று போவதற்கு இந்த வண்டியில் நியாயமான காரணம் இல்லை. டயர் தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்கு இடையிலேயே பட்டன் (டயரின் மேற்பரப்பில் தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) அமைப்பும் ரப்பர் கலவையும் பெரிதும் வேறுபடுவதால், அளவைப் பற்றிய மதிப்பீட்டையும் நிறுவனத்தைப் பற்றிய மதிப்பீட்டையும் ஒன்றாகக் கலப்பது படிப்பவர்களுக்கு உதவாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். 205/65 ஆர்16 என்பதில் 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 என்பது ரிம்மின் விட்டம். இதன்படி பழைய டயரின் பக்கச்சுவர் சுமார் 133 மி.மீ., முழு விட்டம் சுமார் 673 மி.மீ. புதிய 215/65 ஆர்16 டயரின் பக்கச்சுவர் சுமார் 140 மி.மீ., முழு விட்டம் சுமார் 686 மி.மீ. விகித எண் 65 என்று அப்படியே இருப்பதால், அகலம் கூடும்போது உயரமும் தானாகவே கூடிவிடுகிறது. விட்டத்தில் ஏற்படும் வேறுபாடு 1.9 சதவீதம். கூடுதலோ குறைவோ 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று டயர்க் கடைகளில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்புக்குள் இது வந்துவிடுகிறது. இந்த அளவு ரெனோ டஸ்டரில் ஆலையிலிருந்தே வந்த அளவு என்பதால், பல நிறுவனங்களிலும் கிடைக்கிறது. தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

அகலமான டயர் சாலையை அதிகமாகப் பற்றும் என்ற நம்பிக்கையைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும். டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன்மேல் விழும் எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. எடையும் காற்றும் மாறாத நிலையில் அகலத்தை மட்டும் கூட்டினால், தொடும் பரப்பு மொத்தத்தில் பெரிதாக வளர்வதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது, நீளத்தில் குறைந்து அகலத்தில் விரிகிறது. வளைவுகளில் இந்த வடிவ மாற்றம் சிறிது உதவுகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி முன்பைவிட உறுதியாகத் திரும்புவதை உணர முடிந்தது. ஆனால் நான்கு புதிய டயர்கள், தேய்ந்து இறுகிப்போன நான்கு பழைய டயர்களின் இடத்துக்கு வரும்போது இந்த உறுதியில் பெரும்பங்கு புதுமையால் வருவது. 205 அளவிலேயே புதிதாக மாற்றியிருந்தாலும் அதில் முக்கால் பங்கு கிடைத்திருக்கும் என்பதே என் கணிப்பு.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அகலமான டயருக்கு உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது. தேங்கிய நீரின்மேல் வண்டி வேகமாகச் செல்லும்போது, டயருக்கு அடியிலிருந்து நீர் வெளியேற நேரம் போதாமல் டயர் நீர்ப்படலத்தின்மேல் மிதக்கத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன. அகலமான டயரில் நடுவிலிருக்கும் நீர் ஓரத்துக்கு வர அதிகத் தூரம் கடக்க வேண்டியிருப்பதால், மற்றவை சமமாக இருக்கும்போது, அது சற்றுக் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். 1960களில் விமானச் சக்கரங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் வகுத்த எளிய சூத்திரம், மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது. 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்றுள்ள டயருக்கு அந்தச் சூத்திரத்தின்படி மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வருகிறது. காற்று 25 பிஎஸ்ஐக்கு இறங்கினால் அது 83 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கார் டயருக்கு இது தோராயமான அளவே என்றாலும், காற்றைச் சரியாக வைத்திருப்பது பத்து மில்லிமீட்டர் அகலத்தைவிட எத்தனை பெரிய காரியம் என்பதை இந்த எண்கள் தெளிவாகவே காட்டுகின்றன.

ஆகவே அகலத்தைக் கூட்டுபவர்கள் பட்டனுக்கு இடையே செல்லும் நீர்வழிகளை முன்னைவிடக் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும். சுற்றளவு நெடுக ஓடும் ஆழமான, அகன்ற மூன்று அல்லது நான்கு பள்ளங்கள் உள்ள நெடுஞ்சாலை வகை டயரையே நான் தேர்ந்தெடுத்தேன். எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று விற்கப்படும் முரட்டுப் பட்டன் டயர்கள் பார்வைக்குக் கம்பீரமானவை. ஆனால் குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலையிலும் சிமென்ட் சாலையிலும் ஓடும் வண்டிக்கு அவற்றின் இரைச்சலும் ஈரச் சாலையில் அவற்றின் பிடிப்பும் பொருந்துவதில்லை. கார் டயரின் பள்ளம் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்று விதி அனுமதித்தாலும், மழைக்கால நெடுஞ்சாலைப் பயணத்துக்கு 3 மி.மீ. என்பதையே நான் எல்லையாகக் கொள்கிறேன். அகலமான டயரில் இந்த எல்லையைத் தளர்த்தவே கூடாது.

இந்த மாற்றத்தால் கிடைத்த தெளிவான லாபம் வேறொன்று: சுமை தாங்கும் திறன். 205/65 ஆர்16 டயரின் பக்கத்தில் வழக்கமாகக் காணப்படும் சுமை எண் 95. அதன் பொருள் ஒரு டயர் 690 கிலோ தாங்கும் என்பது. 215/65 ஆர்16 டயரில் அந்த எண் 98, அதாவது 750 கிலோ. ஐந்து பேரும் பின்புறம் நிறையச் சாமான்களும் ஏறும் ஊர்ப் பயணங்களில் பின் டயர்கள் இப்போது முன்புபோல் பிதுங்கித் தெரிவதில்லை. பக்கச்சுவர் ஆறேழு மில்லிமீட்டர் உயர்ந்ததால், கிராமச் சாலைகளின் ஒட்டுப்போட்ட பள்ளங்களும் பெயின்ட் அடிக்கப்படாத வேகத்தடைகளும் உள்ளே இருப்பவர்களை முன்பைவிடக் குறைவாகவே குலுக்குகின்றன. தரை இடைவெளியும் அதே ஆறரை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அது சிறிய அளவுதான், அதை வைத்து எதையும் கொண்டாட முடியாது.

இந்த மாற்றத்தால் இழந்தவற்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகரத்தில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டீயரிங் சற்றே கனமாகிவிட்டது. பழகிய கைகளுக்குத்தான் தெரியும். மைலேஜ் கொஞ்சம் குறைகிறது. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. சக்கரத்தின் சுற்றளவு 1.9 சதவீதம் கூடியிருப்பதால், வண்டி உண்மையில் 510 கிலோமீட்டர் ஓடும்போது மீட்டர் ஏறத்தாழ 500 என்றே காட்டும். லிட்டருக்கு உண்மையில் 15 கிலோமீட்டர் தரும் வண்டி, மீட்டர் கணக்கில் 14.7 தருவதாகத் தெரியும். இந்த 0.3 ஏட்டளவிலான நஷ்டமே. கனமும் அகலமும் கூடியதால் உண்மையாகவே ஏற்படும் குறைவு இதற்கு மேல் வருவது. எங்கள் வண்டியில் அது பணப்பையை உறுத்தும் அளவுக்கு இல்லை. வேகமானியைப் பொறுத்தவரை, மீட்டர் 100 என்று காட்டும்போது முன்பு எந்த வேகத்தில் சென்றோமோ அதைவிட ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கூடுதலாகச் செல்கிறோம். கார்களின் வேகமானிகள் உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்படி அமைக்கப்படுவதால் இந்த வேறுபாடு அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனாலும் வேகக் கேமரா உள்ள சாலைகளில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

225/60 ஆர்16 அளவைச் சில கடைகளில் வலியுறுத்திப் பரிந்துரைக்கிறார்கள். அதன் விட்டம் சுமார் 676 மி.மீ. என்பதால் மீட்டர் கணக்கில் அரைச் சதவீதம்தான் மாறும் என்பது உண்மையே. ஆனால் அகலம் 20 மி.மீ. கூடுகிறது, அதற்கேற்ப நீரின்மேல் மிதக்கும் அபாயமும் எரிபொருள் செலவும் கூடும்போது, பக்கச்சுவரின் உயரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் லாபம் இல்லை, சுமை எண்ணும் 98இலேயே நிற்கிறது. 235/60 ஆர்16 என்றால் 6 அங்குல அகல ரிம் ஒத்துழைக்காது. ஒவ்வொரு டயர் அளவுக்கும் பொருந்தும் ரிம் அகலத்துக்கு வரம்பு உண்டு: 215/65 ஆர்16க்கு 6 முதல் 7.5 அங்குலம் வரை, 235/60 ஆர்16க்கு 6.5 முதல் 8.5 வரை. உங்கள் ரிம்மின் பின்பக்கத்தில் அதன் அகலம் பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரின் வாய்வார்த்தையை விட்டு அதைப் படித்து முடிவெடுங்கள். 6 அங்குல ரிம்மில் அளவுக்கு மீறி அகலமான டயரைத் திணித்தால், சிறிய செருப்புக்குள் நுழைத்த பெரிய கால்போல அது உட்காரும். டயரின் நடுப்பகுதி மேலெழும்பி முதலில் தேயும், பக்கச்சுவர் நெளிவதால் ஸ்டீயரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தயக்கம் உண்டாகும்.

தோற்றத்துக்காகவே அகலம் வேண்டும் என்பவர்களுக்கு, உயர் ரகத்தின் 17 அங்குல ரிம்முடன் 215/60 ஆர்17 போடுவதே நேரான வழி. இந்த வண்டிக்கு ஹூண்டாயே தரும் அளவு என்பதால், விபத்துக் காப்பீட்டின்போது கேள்வி எழ வாய்ப்பு மிகக் குறைவு. செலவுதான் பெரியது.

வாங்கும்போது அளவுக்கு அடுத்தபடியாக நான் அழுத்திச் சொல்வது தயாரிப்புத் தேதியை. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கின்றன. 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். ஒரகடம், தேர்வாய் கண்டிகை, ஸ்ரீபெரும்புதூர், அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றியே பெரிய டயர் ஆலைகள் இருக்கும்போது, தமிழ்நாட்டில் ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்த டயரை முழு விலைக்கு வாங்க வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலையைச் சொல்லித் தள்ளுபடி தருவதாகப் பேசுபவர்களிடம் ரசீதில் வரி விகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

நான்கையும் ஒருசேர மாற்றுங்கள். திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு நான்கு சக்கரங்களின் சுழற்சியையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே இயங்குகிறது. ஸ்டெப்னி பழைய 205 அளவிலேயே இருக்குமானால், அது அருகிலுள்ள பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்வதற்கு மட்டுமே, அதுவும் இயன்றவரை பின்சக்கரத்தில். பொருத்தி முடித்ததும் கடையிலேயே ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்து, டயர் உள்விளிம்பிலோ மட்பிளாப்பிலோ உரசுகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்குங்கள். எங்கள் வண்டியில் எங்கும் உரசவில்லை. வீல் அலைன்மென்ட்டின் அச்சிட்ட அளவீட்டைக் கேட்டு வாங்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை மறுபடியும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை மாதம் இருமுறை, டயர் சூடேறும் முன் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.